நெரூர்ச் சதாசிவப் பிரமேந்திரர்

நாமக்கல் நாட்டின் தென்னெல்லையாகிய காவிரியில், ஒருவந்தூருக்கு அக்கரையில் உள்ளது நெரூர். ஆண்டுச் சமாதி கொண்டவர் சதாசிவப் பிரமேந்திரர். உணர்வு மூளையிற் பிறப்பதோ, மூளையின் வேறாயதோ என்னும் வாதம் நிகழுந்தோறும் இவர் சரிதத்தைச் சான்றாகக் காட்டுவார் உளர். அது எவ்வளவிற் சான்றாம் என்பதை ஈண்டு நோக்குவாம்.

தஞ்சைச் சகசி மன்னர் 1693-ஆம் ஆண்டிற் பண்டிதர்க்கு மானியமாக விட்ட திருவிசநல்லூரிற் பயின்ற சிவராமகிருஷ்ணரே பின்னர்ச் சதாசிவரானார். பரமசிவேந்திர சரசுவதிகளை அடுத்திருந்த காலத்து, வந்த புலவரையெல்லாம் வாதில் வென்று வருத்தினார். நா அடங்குவது எந்நாள் என ஆசிரியர் கடிந்து வினவ, அன்றே மௌனம் பூண்டு, ஆடையுந் துறந்து காவிரிக்கரையில் திரிந்தார். புதுக்கோட்டை விசயரகுநாத தொண்டைமானுக்கும் மணலில் எழுதியே உபதேசித்தனர். அது 1738-இல் என்பர்.

கொடுமுடியருகே ஆற்றில் நிட்டை கூடியிருந்தபோது வெள்ளம் பெருகி மணல் மூடிற்றென்றும், சில திங்கள் கழித்து மணலெடுப்போர் மண்வெட்டி தலையிற்பட்டுக் குருதி கசியவே எழுந்து நடந்தனரென்றும் கூறுவர். மருத்துவர் இதனை ஒப்பார். உயிர்வளி எட்டாவிடின் மூளை சில நிமிடங்களிற் கெடத் தொடங்கும் என்பது அவர் கண்ட உண்மை. செவிவழிச் செய்தியைக் கொண்டு அதனை வெல்லப் புகுதல் முறையன்று.

நிகழ்ந்ததென்றே கொள்ளினும் கருதியது முடியாது. நனவிற் புருவநடுவே 35 கருவிகளோடு நிற்கும் ஆன்மா, கனவிற் கண்டத்தில் 25-ஓடும், உறக்கத்தில் இருதயத்தில் 3-ஓடும், பேருறக்கத்தில் உந்தியில் 2-ஓடும், உயிர்ப்படக்கத்தில் மூலாதாரத்தில் ஒன்றோடும் நிற்கும் என்பது நம் நூற்றுணிபு. கருவி கழலக் கழல அறிவும் மறையும். மணலுள் உயிர் தங்கிற்று என்பதுகொண்டு ஆங்கு அறிவு விளங்கிற்று எனல் எங்ஙனம்? மூளை கெட அறிவு மறைதல் நமக்கு மாறன்று. கண் கெட்டவன் காணான். அதனாற் கண்ணே காண்பானாதல் இல்லை.

மற்றொரு செய்தி எமக்கு வலியுடையதாகத் தோன்றுகின்றது. கூடாரத்துட் புகுந்த இவர் கையை முகமதியத் தலைவன் ஒருவன் வெட்ட, அதனை அறியாதே சென்றனராம். அறுந்த கை பின்னர்ப் பொருந்திற்று என்பதை நம்புவார் நம்புக. நரம்பும் மூளையும் பழுதின்றியிருந்தும் ஆன்மா அவற்றொடு கூடாமையின் வலி தோன்றிற்றிலது என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது. நூலில் ஆழ்ந்தார்க்கு அருகடிக்கும் மணியோசை கேளாமை யாவரும் அறிந்ததன்றோ? கருத்துச் செலுத்துதலும் மூளையின் தொழிலே என மருத்துவர் விடுப்பர். செலுத்துவது யாது என மீண்டும் வினவுவோம். மெய்கண்ட தேவர் சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்தில் உடம்பின் வேறாக ஆன்மாவை நாட்டியது இவ்வினாவின் பொருட்டேயாம்.

சதாசிவர் அத்துவிதி, ஆன்மா கருவியை வேண்டி நிற்கும் என்னும் நம் கொள்கையை அவர் உடன்படார். ஆத்மவித்யாவிலாசம் செய்தவர் அவரே. நெரூர்ச் சமாதியில் வில்வமரம் நிற்கின்றது. வைகாசி வளர்பிறைத் தசமியில் ஆராதனை நடைபெறும்.