ஓரியூரில் உயிர் துறந்த அருளானந்தர்

வண்டன்மேட்டிலிருந்து கம்பம்மெட்டு இறங்கி, மதுரை, தேவகோட்டை வழியாகப் போனால் திருவாடானை பக்கம் இருக்கிறது ஓரியூர். அங்கே சிவப்பு மணலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார்கள். அருளானந்தர் ரத்தம் சிந்திய மண் என்பது நம்பிக்கை.

அவர் லிஸ்பன் நகரில் 1647-ல் பிறந்த ஜான் டி பிரிட்டோ. போர்ச்சுகல் அரண்மனையில் வளர்ந்த பிள்ளை. சேசு சபைத் துறவியாகி 1674-ல் மதுரைப் பணிக்கு வந்தார். காவி உடுத்தி, மாமிசம் விட்டு, பண்டார சாமியாகவே வாழ்ந்தார்.

1686-ல் மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். இனி இங்கே போதிக்கக் கூடாதென எச்சரித்து, ராமநாதபுரம் சேதுபதி விடுவித்தார். தாய்நாடு போனவர், அங்கேயே இருக்கும்படி மன்னர் வற்புறுத்தியும் கேளாமல் 1690-ல் திரும்பினார்.

வினை ஒரு குடும்ப விஷயத்தில் வந்தது. நோய் தீர்ந்த தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியைத் தவிர மற்றவர்களை விலக்க வேண்டும் என்றார் சாமியார். தேவரும் விலக்கினார். அவர்களில் இளையவள் சேதுபதியின் உறவுப் பெண். அழுதுகொண்டே அரண்மனைக்குப் போனாள். தாலி கட்டியவன் தள்ளிவைத்தால் எந்தப் பெண் சும்மா இருப்பாள்? தடியத்தேவரோ பட்டத்துக்கு உரிமை கோரக்கூடியவர். அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது.

1693 ஜனவரி 8-ந் தேதி சாமியார் கைதானார். ராமநாதபுரத்தில் கொன்றால் கலகம் வருமென்று, ஓரியூரில் இருந்த தம்பியிடம் சேதுபதி அனுப்பிவிட்டார். சிறையில் மை இல்லை; கரியால் கடிதம் எழுதினார். பிப்ரவரி 4-ந் தேதி தலை வெட்டப்பட்டது.

1947-ல் போப்பாண்டவர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.