பாரியின் மகள்

திருக்கோவலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள் ஒரு பாறை நிற்கிறது. உச்சியில் சிறு கோயில். கபிலர் குன்று என்பார்கள். எங்கள் முகையூரிலிருந்து அது தொலைவில்லை. அங்கே போகும்போதெல்லாம் உடன் வருவோர் கபிலரின் நட்பைப் பேசுவர். என் நினைவோ, அவர் கைப்பிடித்து அழைத்து வந்த பெண்ணிடம் போய்விடும்.

அவள் பறம்பு மலையில் பிறந்தவள். இன்று பிரான்மலை எனப்படும் குன்றே அது என்பர். முல்லைக்குத் தேர் ஈந்த வள்ளல் பாரி அவள் தந்தை. முந்நூறு ஊர்களையும் பரிசிலர்க்கே கொடுத்து முடித்தவன் அவன். மூவேந்தரும் முற்றுகையிட்டனர், பாரி மாண்டான், மலை பறிபோயிற்று. அடுத்து வந்த முழுநிலவில் அவளும் அவள் உடன்பிறந்தாளும், சென்ற நிலவில் தந்தையும் மலையும் இருந்ததையும் இந்நிலவில் இரண்டும் இல்லாததையும் ஐந்தே அடிகளில் பாடினார்கள். புறநானூற்றின் 112ஆம் பாடல் அது. பாடியோர் பெயர் 'பாரி மகளிர்' என்று மட்டுமே இருக்கிறது. அங்கவை, சங்கவை என்பன பிற்காலக் கதைகள் தந்த பெயர்கள்.

பின்னர் அவர்கள் ஒரு சிறு குடிசையில் இருந்தார்கள். குப்பைமேடேறி, வழியில் போகும் உமணரின் உப்பு வண்டிகளை எண்ணினார்கள். மலைமீது நின்று பகைவர் குதிரைகளை எண்ணிய பெண்கள்! கபிலர் இதைக் கண்டு நெஞ்சு நொந்து பாடியிருக்கிறார்.

அவரே மாப்பிள்ளை தேடிப் புறப்பட்டார். விச்சிக்கோனிடம் கேட்டார்; பயனில்லை. இருங்கோவேள் மறுத்தான், கபிலர் சினந்து திரும்பினார். இப்பாடல்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இவர்கள் பாரியின் மகளிர் என்கிறார். தந்தையின் கொடையைச் சொல்கிறார். கேட்கப்படும் மன்னனின் வீரத்தையும் புகழ்கிறார். இவர்களும் கவிபாட வல்லவர்கள் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. கபிலர்மேல் எனக்குள்ள மனக்குறை இது ஒன்றுதான்.

முடிவில் மலையமான் நாடு. மணநாளுக்கு முந்திய இரவை எண்ணிப் பார்க்கிறேன். அலைச்சல் ஓய்ந்தது என்ற நிம்மதி அவளுக்கு இருந்திருக்கும். புது வீட்டைப் பற்றிய ஆவலும் சிறிது இருந்திருக்கலாம், அவளும் இளம்பெண்தானே! ஆனால் மலையமான் குடி மூவேந்தரும் போருக்குத் துணை வேண்டி நாடிய குடி. கபிலரே அதைப் புகழ்ந்து பாடியிருக்கிறார். தந்தையைக் கொன்றவர்களின் தூதர் வந்து போகும் முற்றத்திலா நாளை அவள் கோலமிட வேண்டும்? இதுவரை அவளுக்கு எஞ்சியிருந்தது 'பாரியின் மகள்' என்னும் ஒரே அடையாளம். விடிந்தால் அதுவும் மாறும். சென்ற ஆண்டு என் தமக்கையின் திருமணத்துக்கு முந்திய இரவில், அழைப்பிதழில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று அவள் தேடிப் பார்த்ததைக் கண்டேன். அது இருந்தது, தந்தை பெயருக்குக் கீழே, சிறிய எழுத்தில்.

கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டொன்று உண்டு. பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்று அது கூறுகிறது. அங்கும் அவள் வெறும் 'பெண்'தான். திருமணத்துக்குப் பின் அவள் பாடியதாக ஒரு வரியும் கிடைக்கவில்லை.

கல்வெட்டு ஒருத்தியைத்தான் சொல்கிறது. பாடலைப் பாடியவர்களோ இருவர். ஒருத்தி மலையமான் மனை புகுந்தபின், அடுத்த முழுநிலவை மற்றவள் யாரோடு இருந்து பார்த்தாள்?