பறவைகளைத் தேடிப் போன சலீம் அலி



செப்டம்பர் மாதம் பிறந்துவிட்டால் கோலசிலாங்கூர், காப்பார் கடலோரச் சேற்றில் சிறுசிறு பறவைகள் கூட்டங்கூட்டமாய் வந்திறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 'உள்ளான்' என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன்னே பல ஆயிரம் மைல் பறந்து வருகிற விருந்தாளிகள் இவை. தமிழ்நாட்டுக் கோடியக்கரைக்கும் உள்ளான்கள் இப்படித்தான் வருகின்றன. அங்கே அவற்றின் காலில் வளையம் மாட்டி, வழியைக் கண்டறிய முனைந்தவர் டாக்டர் சலீம் அலி.

அவர் 1896-இல் பம்பாயில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. மூன்று வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்து, மாமா வீட்டில் வளர்ந்தார். பத்து வயதில் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். எடுத்துப் பார்த்தால் கழுத்தில் மஞ்சள் திட்டு! இது என்ன குருவி? மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்க் கேள் என்றார். அங்கிருந்த செயலாளர் மில்லார்டு துரை, பதப்படுத்திய பறவைகள் நிறைந்த பேழைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். பையன் அன்றே பறவைகளிடம் சிக்கிக்கொண்டான்.

இன்று பரிசு கிடைக்காத பிள்ளைகள் கொஞ்சம் இங்கே காதைக் கொடுங்கள். சலீம் அலி 1913-இல் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தட்டுத்தடுமாறித்தான் தேறினார். கல்லூரியை இடையில் விட்டுவிட்டு, குடும்பத் தொழிலைப் பார்க்க பர்மாவிலுள்ள தவாய்க்குப் போனார். சுரங்கமும் மரமும் பார்க்கப் போனவர், காட்டில் பறவை பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் என்னவாகியிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா!

பட்டம் இல்லாததால் அரசாங்கப் பறவையியல் வேலை கிடைக்கவில்லை. பெர்லினுக்குப் போய்ப் பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்று 1930-இல் திரும்பினால், அருங்காட்சியகத்தில் முன்பு பார்த்த வேலையும் போயிருந்தது. மனைவி தெஹ்மினாவோடு கிஹிம் என்ற கடலோரச் சிற்றூரில் குடியேறினார். வேலை இல்லையே என்று முடங்கிக் கிடக்கவில்லை. அங்கே தூக்கணாங்குருவியைக் கவனித்தார். ஆண்குருவி பாதிக் கூடு கட்டும். பெண்குருவி வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதி வேலை நடக்கும். இந்த ஆராய்ச்சியே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

1939-இல் தெஹ்மினா ஒரு சிறு அறுவைச் சிகிச்சைக்குப் பின் இறந்துபோனார். கணவருடைய பயணங்களில் கூடவே நடந்தவர் அந்த அம்மையார். சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1941-இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. 1945-இல் கட்ச் உப்புச் சேற்றுவெளிக்குப் போய், பூநாரைகள் மண்ணைக் குவித்துக் கூடு கட்டும் இடத்தைக் கண்டு எழுதினார். மோட்டார் சைக்கிள் பைத்தியமும் உண்டு! 1950-இல் ஸ்வீடனில் நடந்த பறவையியல் மாநாட்டுக்கு, வண்டியைக் கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்பி, அங்கிருந்து ஓட்டிக்கொண்டே போனார். அப்போது வயது 53.

1957-இல் மைசூர்ப் பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் காய்ச்சல் கண்டது. வலசைப் பறவைகள் சுமந்து வரும் உண்ணிதான் காரணமோ என்று சந்தேகம். உலகச் சுகாதார நிறுவனம் உதவ, சலீம் அலியின் வளையமிடும் வேலை பெரிதாகியது. பறவை பிடிக்க யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? பீகாரிலிருந்து, மீர்ஷிகார் என்னும் பரம்பரை வேட்டைக்காரர்களை! விற்பதற்குப் பிடித்த கைகள், நோகாமல் பிடித்துக் கொடுத்தன. முப்பது கிராம்கூட இல்லாத கொசு உள்ளானை எடை போட்டு, எண் பொறித்த அலுமினிய வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்க விடுவார்கள். 1967-இல் கோடியக்கரை பறவைகள் காப்பிடமானது.

பட்டம் இல்லை என்று ஒதுக்கப்பட்டவருக்குப் பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் கொடுத்தன. 1976-இல் பத்மவிபூஷண் விருதும் வந்தது. 1987 ஜூனில், 90 வயதில் காலமானார்.

இந்த வருஷம் உள்ளான் வரும்போது கடற்கரைப் பக்கம் போனால், அதன் காலை உற்றுப் பாருங்கள். வளையமோ வண்ணக் கொடியோ தெரிந்தால், எண்ணையும் நிறத்தையும் குறித்துக்கொண்டு வந்து ஆசிரியரிடம் காட்டுங்கள்.