சிலேட்டோடு வந்த குமாஸ்தா



பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு வாரம். முதல் மாதம் முழுக்க என் பாஸிடம் நான் பேசினதை எழுதினால் அரைப் பக்கம்கூட வராது. காலை வணக்கம், சரி சார், முடிச்சிட்டேன் சார், அவ்வளவுதான். மதியம் மற்ற பையன்கள் அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து கால்பந்து பேசுவார்கள். நான் ஓரமாக என் பொட்டலத்தைப் பிரிப்பேன். வீட்டில் அம்மாவுக்கு இதே கவலை. வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும், நீ என்ன செய்யப் போறியோ என்று.

அந்த நாட்களில்தான் கணித மேதை ஸ்ரீனிவாச ராமானுஜனின் வாழ்க்கையை மறுபடியும் படித்தேன். பள்ளியில் நமக்குச் சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும்: கும்பகோணத்து ஏழைப் பையன், நாமகிரித் தாயார் பக்தி, கேம்பிரிட்ஜ், 32 வயதில் மரணம். நடுவில் அவர் பதினான்கு மாதம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்ததை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அந்தப் பதினான்கு மாதம்தான் முக்கியமாகப் பட்டது. கூச்ச சுபாவமுள்ள ஒரு இளைஞன் தன் மேலதிகாரிகளின் மனதில் எப்படி இடம் பிடித்தான் என்கிற கதை அதற்குள் இருக்கிறது.

1887 டிசம்பர் 22ஆம் தேதி ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம், சாரங்கபாணி சன்னதித் தெரு. அப்பா துணிக்கடையில் கணக்கு எழுதுபவர். கணக்கைத் தவிர வேறு பாடம் எதிலும் மனம் செல்லாததால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1909இல் ஜானகியோடு திருமணம். பட்டம் கிடையாது, சம்பாத்தியம் கிடையாது, கையில் இருந்தது கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகங்கள் மட்டும்.

1910இல் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர்தான் இந்திய கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். அவருடைய ஆபீஸில் ஒரு சின்ன குமாஸ்தா வேலை கேட்டார் ராமானுஜன். தன்னைப் பற்றி அதிகம் சொல்லிக்கொள்ளவில்லை, நோட்டைத்தான் நீட்டினார். அதைப் புரட்டிப் பார்த்த ஐயருக்கு இந்தப் பையனைத் தாலுகா ஆபீஸில் போட்டுப் புதைக்க மனம் வரவில்லை. சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த வழியில்தான் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் கிடைத்தார். ராவுக்கு முதலில் சந்தேகம், இவன் உண்மையா போலியா என்று. பல தடவை போய், பொறுமையாக விளக்கிய பிறகே நம்பினார். மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார். ஆனால் அடுத்தவர் பணத்தில் சும்மா உட்கார்ந்து சாப்பிட ராமானுஜனுக்குப் பிடிக்கவில்லை. வேலை தேடினார். அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் 20 ரூபாய்க்குச் சில வாரம் தற்காலிக வேலை. அதன் பிறகு சென்னை துறைமுகக் கழகத்துக்கு விண்ணப்பம் போட்டார்.

1912 மார்ச் 1ஆம் தேதி வேலையில் சேர்ந்தார். மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலைக் குமாஸ்தா. கணக்குப் பிரிவு. மாதச் சம்பளம் 30 ரூபாய்.

இங்கே ஒரு சின்ன விஷயம். அப்போது அவர் குடியிருந்த இடத்துக்குப் பெயர் ஜார்ஜ் டவுன்! சென்னையிலும் ஒரு ஜார்ஜ் டவுன் இருக்கிறது, துறைமுகத்தை ஒட்டி. அதில் சைவ முத்தையா முதலி தெருவில் ஒரு சிறிய வீடு. நம்ம ஊருக்கு வைத்தது மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பெயர், அங்கே வைத்தது ஐந்தாம் ஜார்ஜ் பெயர். நம் பாட்டன் பூட்டன்களில் பலர் கப்பல் ஏறியதும் அந்தச் சென்னைக் கரையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும்தான். பினாங்கு லிட்டில் இந்தியாவில் நடக்கும்போது இது ஞாபகம் வந்து, ஏதோ பக்கத்துத் தெருக்காரர் மாதிரி தோன்றியது.

துறைமுகக் கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். ஐரிஷ்காரர், பொறியாளர். கடல் நேராக உள்ளே அடித்துக்கொண்டிருந்த சென்னைத் துறைமுகத்தின் கிழக்கு வாசலை மூடி, வடகிழக்கில் புது வாசல் வைத்த வேலை இவர் காலத்தில்தான் நடந்தது, 1911இல் முடிந்தது. பொறியியல் படிக்கிறவன் என்பதால் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை, மன்னிக்கவும். அவருக்குக் கீழே ஆபீஸை நடத்தியவர் எஸ். நாராயண ஐயர். முன்பு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணக்கு வாத்தியார், இந்திய கணிதச் சங்கத்தின் பொருளாளரும் அவரே. ராமானுஜனின் மேலதிகாரி இவர்தான்.

ஆபீஸ் வேலை ராமானுஜனுக்குச் சீக்கிரம் முடிந்துவிடும். மீதி நேரத்தில் கணக்கு போடுவார். காகிதம் வாங்கக் காசில்லாமல், கப்பல் சரக்கு சுற்றி வந்த தாள்களைத் துறைமுகத்தில் தேடிப் பொறுக்குவாராம். வீட்டில் சிலேட்டுதான். எழுதுவார், முழங்கையாலேயே அழிப்பார், மறுபடி எழுதுவார். ஆபீஸ் அரட்டையில் கலந்துகொள்கிற ஆள் இல்லை. ஆனால் கணக்கைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் போதும், பேச்சு நிற்காது.

நாராயண ஐயர் கேட்டார். எனக்கு இந்தக் கதையின் உயிர் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. வேலை முடிந்த பிறகு திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோட்டில் இருந்த அவர் வீட்டுக்கு இருவரும் போவார்கள். மாடியில் தெருவைப் பார்த்த திண்ணை. ஆளுக்கொரு சிலேட்டு. ராத்திரி பதினொன்றரை மணி வரைக்கும்கூட ஓடும். சிலேட்டுப் பலப்பம் கீச்சிடும் சத்தம்தான் தாலாட்டு மாதிரி இருந்தது என்று அந்த வீட்டுப் பிள்ளை வளர்ந்த பிறகு நினைவுகூர்ந்திருக்கிறார்.

நாராயண ஐயர் எம்.ஏ. படித்தவர், இருந்தும் ராமானுஜனின் வேகத்துக்கு அவரால் ஈடு கொடுக்க முடியவில்லை. பத்துப் படியில் வர வேண்டிய கணக்கு இரண்டு படியில் முடிந்திருக்கும். புரியாததைப் புரிந்த மாதிரி அவர் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கே புரியவில்லை என்றால் வெளியில் உள்ளவர்களுக்கு எப்படிப் புரியும், என் மட்டத்துக்கு இறங்கி வந்து எழுது என்று தன் குமாஸ்தாவிடம் கேட்டார். ஒரு ஆபீஸ் மேனேஜர், 30 ரூபாய் குமாஸ்தாவிடம்! ராமானுஜனும் முணுமுணுத்துக்கொண்டாவது படிகளைச் சேர்த்து எழுதினார். பேசத் தெரியாதவர் அவர் என்றால், பேசுவதற்கான இடத்தை அமைத்துக் கொடுத்தது மேலதிகாரி. இரண்டு பக்கமும் ஒரு அடி நகர்ந்தார்கள். நம்ம ஊரில் அமைதியான பிள்ளைகளுக்கு மட்டும்தான் அட்வைஸ் கொடுக்கிறார்கள், பாஸுக்கு யாரும் கொடுப்பதில்லை. அது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஸ்பிரிங்குக்குக் கணிதத்தில் அந்த ஆழம் கிடையாது. அவரிடம் ராமானுஜனைப் பற்றி எடுத்துச் சொன்னதும் நாராயண ஐயர்தான். ஒரு கதை சொல்வார்கள். ஒருநாள் ஸ்பிரிங், நாராயண ஐயரைக் கூப்பிட்டு, முக்கியமான ஃபைலுக்குள் கணக்குத் தாள்கள் எப்படி வந்தன, ஆபீஸ் நேரத்தில் நீர் இதைத்தான் செய்கிறீரா என்று கோபமாகக் கேட்டாராம். இவர் பதறி, அது என் கையெழுத்து இல்லை, ராமானுஜனுடையதாக இருக்கலாம் என்றாராம். ஸ்பிரிங் சிரித்துவிட்டாராம். அவருக்கு முன்பே தெரியும்! தலைமை அதிகாரி தன்னை வைத்து விளையாடுகிற அளவுக்கு அந்தக் கடைநிலைக் குமாஸ்தாவின் பெயர் மேலே போயிருந்தது. அதற்காக அவர் ஸ்பிரிங்கின் அறை வாசலில் ஒருநாளும் காத்து நிற்கவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகம். 1912 நவம்பரில் சென்னை பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், இந்தப் பையனை வேலையில் நல்லபடியாக வைத்திருங்கள் என்று ஸ்பிரிங்குக்கு எழுதினார். லண்டனில் தன் பழைய ஆசிரியர் ஹில்லுக்கும் தாள்களை அனுப்பினார். ஹில்லின் பதில் பாதி பாராட்டு, பாதி குறை. திறமை இருக்கிறது, ஆனால் நிரூபணம் சரியில்லை என்று. நாராயண ஐயர் திண்ணையில் சொன்னதற்கு ரொம்ப தூரமில்லை. கேம்பிரிட்ஜில் இரண்டு பேராசிரியர்கள் கைகொடுக்கவில்லை. 1913 ஜனவரி 16 அன்று மூன்றாவதாக ஹார்டிக்கு எழுதினார். அந்தக் கடிதத்தில் முதலில் சொன்ன அறிமுகமே, தான் துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவில் ஒரு குமாஸ்தா என்பதுதான். பதில் வந்தது. பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது அவரிடம் தாள்களைக் காட்டினார்கள். அவர் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். மே 1 முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை. ஆபீஸ் விடுப்புக் கொடுத்தது. எஃப்.ஏ.வில் தோற்றவர் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர் ஆனார்.

கடல் தாண்டுவது அந்தக் குடும்பத்தில் பெரிய தடை. 1913 டிசம்பரில் நாமக்கல்லுக்குப் போனார், நாமகிரித் தாயார் சன்னதிக்கு. கூடப் போனவர் யார் தெரியுமா? நாராயண ஐயர்தான். கோவிலில் ராமானுஜனுக்கே உத்தரவு கிடைத்தது என்பார்கள் சிலர். அவர் அம்மாவின் கனவில் தாயார் வந்தாள் என்பார்கள் வேறு சிலர். எப்படியோ மனம் தெளிந்தது. அடுத்து பணம். 1914 பிப்ரவரியில் ஸ்பிரிங் கவர்னரின் செயலாளருக்கே கடிதம் எழுதி, பல்கலைக்கழகம் ஒதுக்க நினைத்த 10,000 ரூபாய்க்கு அனுமதி கிடைக்கப் பாடுபட்டார். தன் ஆபீஸின் கடைசி வரிசைக் குமாஸ்தா வேலையை விட்டுப் போவதற்காக ஒரு சேர்மன் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்!

எல்லாருக்கும் நாராயண ஐயர் கிடைப்பதில்லை, அதுவும் உண்மை. அந்தப் பதினான்கு மாதத்துக்கு முன்னால் எத்தனை கதவு மூடியது என்று மேலே பார்த்தோம். ஆனாலும் ஒன்று செய்து பார்த்தேன். என் பயிற்சியின் ஆறாவது வாரம், ஒரு மெஷின் அடிக்கடி நிற்பதைப் பதினைந்து நாளாகக் குறித்து வைத்திருந்தேன். வாயால் சொல்லத் தயங்கி, ஒரே தாளில் வரைபடமாகப் போட்டு பாஸ் மேசையில் நீட்டினேன். பார்த்தார். இரண்டாவது கோடு புரியவில்லை, உட்கார்ந்து சொல்லு என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, அவர் பாதி ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தார். ஆனா அதற்குப் பிறகு மதியம் அந்த மேசையில் எனக்கும் ஒரு இடம் இருந்தது. கால்பந்து மட்டும் இன்னமும் வரவில்லை.

ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று நெவாசா கப்பலில் புறப்பட்டார். கண்ணீரோடுதான் போனார் என்கிறார்கள். இங்கிலாந்தில் ஹார்டியோடு சேர்ந்து செய்த வேலை, 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி, நோய், 1919இல் திரும்பி வந்தது, 1920 ஏப்ரல் 26 சென்னை சேத்துப்பட்டில் மறைந்தது எல்லாம் நீங்கள் படித்ததுதான்.

புறப்படுவதற்கு முன்னால் நாராயண ஐயர் அவரிடம் ஒன்று கேட்டார். இத்தனை நாள் திண்ணையில் வைத்து எழுதிய அந்த சிலேட்டைத் தனக்குக் கொடுத்துவிட்டு, தன்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மாற்றிக்கொண்டார்கள்.