பிரீடல் டிக்கர்-பிராண்டைஸ்

பிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் (ஜூலை 30, 1898 – அக்டோபர் 9, 1944) ஆஸ்திரியாவில் பிறந்த ஓவியரும் வடிவமைப்பாளரும் ஆவார். ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்ற இவர், இரண்டாம் உலகப்போரின்போது நாசிகளின் தெரெசின் முகாமில் அடைக்கப்பட்டிருந்த யூதச் சிறுவர் சிறுமியருக்கு ஓவியம் கற்பித்தமைக்காக இன்று பெரிதும் அறியப்படுகிறார். அவ்வகுப்புகளில் வரையப்பட்ட ஏறத்தாழ 4,500 படங்கள் எஞ்சியுள்ளன.

இளமையும் கல்வியும்

பிரீடல் வியன்னாவில் ஓர் எளிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் பிரீடெரிக்கே டிக்கர். மிக இளம் வயதிலேயே தாயை இழந்தார். தந்தை எழுதுபொருள் விற்கும் கடையொன்றில் பணிபுரிந்தார். தாளும் வண்ணக் குச்சிகளும் பிரீடலுக்குச் சிறு வயதிலேயே பழகியவை.

முதலில் ஒளிப்படக் கலையும், பின்னர் வியன்னா கலைத்தொழிற் பள்ளியில் நெசவு வடிவமைப்பும் பயின்றார். அங்கு பிரான்ஸ் சிசெக்கின் வகுப்பிலும் சேர்ந்தார். சிசெக் 1897 முதல் சிறுவர்களுக்கென ஓவிய வகுப்பு நடத்தி வந்தவர். மாதிரியை வைத்து அப்படியே வரையச் செய்வதே ஓவியக் கல்வி என்று கருதப்பட்ட காலத்தில், குழந்தை தன் மனத்தில் உள்ளதைத் தன் போக்கில் வரையட்டும் என்று விட்டவர் அவர். (கரும்பலகையில் ஆசிரியர் வரைந்த மாம்பழத்தையும், இரு மலைகளுக்கு இடையே எழும் சூரியனையும் பார்த்து வரைந்து மதிப்பெண் வாங்கியவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும்.)

1916 இல் ஓவியர் யோகன்னஸ் இட்டனின் தனியார் பள்ளியில் சேர்ந்தார். இட்டனின் வகுப்புகள் மூச்சுப் பயிற்சியோடும் உடலசைவுகளோடும் தொடங்கும். கோடு கையிலிருந்து மட்டும் வருவதன்று, உடல் முழுவதன் தாளத்திலிருந்து வருவது என்பது அவர் கொள்கை. 1919 இல் வால்ட்டர் குரோப்பியஸ் வைமார் நகரில் பௌஹவுஸ் பள்ளியைத் தொடங்கி இட்டனை ஆசிரியராக அழைத்தபோது, பிரீடல் உள்ளிட்ட மாணவர் சிலர் அவரைப் பின்தொடர்ந்து அங்கு சென்றனர். 1923 வரை பிரீடல் அங்கு பயின்றார். பவுல் கிளேயும் அப்போது அங்கு ஆசிரியராக இருந்தார். இட்டன், கிளே ஆகியோரின் படைப்புகள் 1922 டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த கண்காட்சியிலும் இடம்பெற்றன என்பது இந்திய வாசகர்களுக்கு ஆர்வமூட்டக்கூடிய செய்தி.

வடிவமைப்புப் பணிகள்

பௌஹவுசில் உடன் பயின்ற பிரான்ஸ் சிங்கருடன் இணைந்து முதலில் பெர்லினிலும், 1920களின் நடுப்பகுதியிலிருந்து வியன்னாவிலும் பிரீடல் தொழிற்கூடம் நடத்தினார். நாடக அரங்க அமைப்பு, துணி வடிவமைப்பு, அறைகலன்கள், வீட்டு உள்ளமைப்பு எனப் பலவற்றை இவர்கள் செய்தனர். மடக்கக்கூடிய, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய நாற்காலிகளும் கட்டில்களும் இவர்களது தனி அடையாளம். 1930களின் தொடக்கத்தில் வியன்னாவின் கோத்தேகோஃப் தொழிலாளர் குடியிருப்பில் இருந்த மொண்டிசோரி மழலையர் பள்ளியின் உள்ளமைப்பை இவர்களே வடிவமைத்தனர். இக்காலத்தில் பிரீடல் மழலையர் பள்ளி ஆசிரியைகளுக்கு ஓவியம் கற்பிக்கவும் தொடங்கினார்.

பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்டிருந்த பிரீடல் 1934 இல் கைது செய்யப்பட்டார். விடுதலையானதும் பிராகா நகருக்குக் குடிபெயர்ந்தார். விசாரணை அறையின் நினைவைப் பின்னர் ஓவியமாகத் தீட்டினார். பிராகாவில், ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பி வந்த அகதிகளின் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தார். வியன்னாவிலிருந்தே இவரிடம் பயின்று வந்த ஈடித் கிரேமர் (1916–2014) இவ்வகுப்புகளில் உதவியாக இருந்தார். அமெரிக்காவில் குடியேறிய கிரேமர் பின்னாளில் ஓவியவழி உளமருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவரானார்.

1936 இல் தன் உறவினரான பாவெல் பிராண்டைசை மணந்தார். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. 1938 இல் இருவரும் குரோனவ் என்னும் சிற்றூருக்குச் சென்று அங்கிருந்த துணி ஆலையில் வேலை செய்தனர். பாலஸ்தீனம் செல்ல பிரீடலுக்கு விசா கிடைத்தது. கணவருக்குக் கிடைக்காததால் அவர் செல்லவில்லை.

தெரெசின் முகாம்

தெரெசின் பிராகாவுக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ள பழைய கோட்டை நகரம். 1941 நவம்பரிலிருந்து நாசிகள் இதை யூதர்களை அடைத்து வைக்கும் இடமாகப் பயன்படுத்தினர். இங்கு 1,40,000 பேருக்கு மேல் கொண்டுவரப்பட்டனர். ஏறத்தாழ 33,000 பேர் பசியாலும் நோயாலும் இங்கேயே இறந்தனர். எஞ்சியோரில் பெரும்பகுதியினர் கிழக்கே கொலை முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர்.

1942 டிசம்பரில் பிரீடலும் பாவெலும் இங்கு கொண்டுவரப்பட்டனர். ஆளுக்கு 50 கிலோ பொருட்கள் மட்டுமே எடுத்துவர அனுமதி. குளிருக்கும் பசிக்கும் உதவுவனவற்றையே பிறர் கட்டிக்கொண்டபோது, பிரீடல் தன் பங்கில் தாளையும் வண்ணங்களையும் வைத்தார். நாடகத்துக்குத் திரையாகவும் உடையாகவும் பயன்படும் என்று படுக்கை விரிப்புகளுக்குச் சாயமேற்றிக் கொண்டுவந்தார்.

முகாமில் சிறுவர்கள் தனி விடுதிகளில் தங்க வைக்கப்பட்டிருந்தனர். முறையான பள்ளிக் கல்விக்கு நாசிகள் தடை விதித்திருந்தனர். ஆனால் பாட்டு, கைவேலை, ஓவியம் ஆகியவை அனுமதிக்கப்பட்டன. அவற்றால் எந்தப் பயனும் இராது என்று எண்ணினர் போலும். பிரீடல் எல்-410 எனப்பட்ட சிறுமியர் விடுதியில் தங்கி அங்கும் பிற விடுதிகளிலும் வகுப்பெடுத்தார்.

கற்பித்த முறை

கொண்டுவந்த தாள் விரைவில் தீர்ந்துபோனது. அதன்பின் பயன்படுத்திய அலுவலகப் படிவங்களின் பின்பக்கம், பொதி சுற்றிய தாள், பழுப்பேறிய கணக்கேட்டுத் தாள் எனக் கிடைத்தவற்றில் எல்லாம் சிறுவர்கள் வரைந்தனர். வண்ணம் இல்லாதபோது தாள்களைக் கத்தரித்தும் கிழித்தும் ஒட்டுப்படம் செய்தனர். எஞ்சிய ஒட்டுப்படங்கள் சிலவற்றில், அச்சிட்ட படிவத்தின் கட்டங்களும் எழுத்துகளும் வானத்துக்கும் புல்வெளிக்கும் இடையே எட்டிப்பார்ப்பதைக் காணலாம்.

வகுப்பு பெரும்பாலும் இட்டன் வழியில் தாளப் பயிற்சியோடு தொடங்கும். பிரீடல் சொல்லச் சொல்ல, கை நின்றுவிடாமல் வளைவுகளையும் சுருள்களையும் சிறுவர்கள் விரைவாக வரைவர். பயத்தாலும் சோர்வாலும் இறுகிப்போன கையைத் தளர்த்துவதே இதன் நோக்கம். அடுத்து, ஒன்றோடொன்று தொடர்பில்லாத சில பொருட்களின் பெயர்களைச் சொல்வார். அவற்றை இணைத்து ஒரு படமாக்குவது சிறுவர்களின் வேலை. சில நாட்களில் ஒரு கதையைச் சொல்லி வரையச் செய்வார். பழைய ஓவியர்களின் படங்களைக் காட்டி, அவற்றின் அமைப்பை வெறும் தாள் துண்டுகளால் மீண்டும் உருவாக்கச் சொல்வதும் உண்டு. சிறுவர்களின் நாடகங்களுக்கு அரங்கப் பொருட்களும் உடைகளும் செய்துகொடுத்தார்.

வரைபவர் ஒவ்வொருவரும் படத்தில் தம் பெயரை எழுத வேண்டும் என்று பிரீடல் வலியுறுத்தினார். முகாமின் பதிவேட்டில் அச்சிறுவர்கள் வெறும் எண்களாக இருந்தனர் என்பதை நினைத்தால் இதன் பொருள் புரியும். பல படங்களில் விடுதி அறையின் எண்ணும் உள்ளது. எந்தப் படம் யாருடையது என்று பிற்கால ஆய்வாளர்கள் கண்டறிய இக்குறிப்புகளே உதவின.

படங்களில் வீடு, தோட்டம், பூக்கள், வண்ணத்துப்பூச்சி, உணவு பரிமாறிய மேசை ஆகியவை மிகுதி. மூன்றடுக்குக் கட்டில்களும், உணவுக்கு நிற்கும் வரிசையும், இறந்தோரை ஏற்றிய வண்டியும் உண்டு. எதை வரைய வேண்டும், எதை வரையக்கூடாது என்று அவர் தடுக்கவில்லை.

1943 இல் முகாமில் படங்களின் கண்காட்சி ஒன்று நடந்தது. அவ்வாண்டு, விடுதிப் பொறுப்பாளர்களுக்காகச் சிறுவர் ஓவியம் பற்றிய உரையொன்றையும் பிரீடல் எழுதினார். எல்லாக் குழந்தைகளையும் ஓவியராக்குவது தம் நோக்கமன்று என்று அதில் விளக்கினார். குழந்தையிடம் உள்ள படைப்பாற்றலுக்கு வழிவிடுவதே ஆசிரியரின் வேலை என்றும், பெரியவர்கள் தம் அழகுணர்ச்சியை அவசரப்பட்டுத் திணித்தால் குழந்தை தான் கண்டதைக் காணும் ஆற்றலையே இழந்துவிடும் என்றும் வாதிட்டார். பசியும் கொள்ளைநோயும் சூழ்ந்த இடத்திலிருந்து எழுதப்பட்டிருந்தும் இவ்வுரை எந்தப் பள்ளிக்கும் பொருந்தக்கூடியதாக இருப்பது வியப்பளிக்கிறது.

இறுதி நாட்கள்

1944 செப்டம்பர் இறுதியில் பாவெல் அவுஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார். அவரைப் பின்தொடர விரும்பி, பிரீடல் தானாகவே அடுத்து வந்த ஒரு தொடர்வண்டிக்குப் பெயர் கொடுத்தார். புறப்படுமுன் சிறுவர்களின் படங்கள் இரண்டு பெட்டிகளில் அடைக்கப்பட்டு விடுதியில் மறைத்து வைக்கப்பட்டன. அக்டோபர் 6 அன்று, தன் மாணவியர் சிலரும் இருந்த அதே வண்டியில் அனுப்பப்பட்டு, அக்டோபர் 9 அன்று அவுஷ்விட்ஸ்-பிர்க்கனாவில் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 46. பாவெல் முகாமில் கற்றிருந்த தச்சுவேலையால் உயிர் பிழைத்தார். அவர் 1971 இல் காலமானார்.

படங்களின் நிலை

1945 இல் முகாம் விடுவிக்கப்பட்ட பின், சிறுமியர் விடுதியின் பொறுப்பாளராக இருந்த வில்லி குரோக் அப்பெட்டிகளைப் பிராகா யூத சமூகத்திடம் ஒப்படைத்தார். தொடக்கத்தில் அவற்றை அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. 1950களிலிருந்து கண்காட்சிகளும் நூல்களும் வெளிவந்த பின்னரே உலகின் கவனம் திரும்பியது. அப்போதும்கூட படங்கள் அறியப்பட்ட அளவுக்கு அவற்றின் பின்னிருந்த ஆசிரியை அறியப்படவில்லை. ஆய்வாளர் எலெனா மக்காரோவா தொகுத்து 1999 இல் வியன்னாவில் தொடங்கிய கண்காட்சியே பிரீடலின் சொந்த ஓவியங்களையும் வடிவமைப்புகளையும் பரவலாக அறிமுகப்படுத்தியது.

சிறுவர்களின் படங்கள் பிராகா யூத அருங்காட்சியகத்தின் உடைமையாக உள்ளன. அவற்றுள் சில அங்குள்ள பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் மாடியில் வைக்கப்பட்டுள்ளன. கீழ்த்தளச் சுவர்களில், கொல்லப்பட்ட பொகீமியா, மொராவியா யூதர்கள் ஏறத்தாழ 80,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டுள்ளன. மாடியில் உள்ள படங்களின் ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்ட பெயர்களுள் பலவற்றைக் கீழே சுவரிலும் காணலாம்.