மாட்டு வண்டியில் போன புத்தகங்கள்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க என்று சங்கத்தார் கேட்டதும், பொறியாளனான எனக்கு ஒரு கணக்கு வாத்தியார்தான் நினைவுக்கு வந்தார்: நூலகத் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன்.

1892-ல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை கிறித்துவக் கல்லூரியில் கணிதம் படித்து, மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். வேலை பிடிக்கவில்லை, வகுப்புக்கே திரும்பிடலாம்னு பார்த்தார். பயிற்சிக்காக லண்டன் போனவர், அங்கே சாதாரண ஜனங்கள் நூலகத்தைப் பயன்படுத்துவதைக் கண்டு மனம் மாறித் திரும்பினார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்நின்றார். 1931-ல் அவருடைய ஐந்து விதிகள் நூலாக வந்தன. ஒவ்வொருவருக்கும் அவரவர்க்கேற்ற புத்தகம் கிடைக்கணும் என்பது அதில் ஒன்று.

அதே 1931 அக்டோபரில் மன்னார்குடி அருகே மேலவாசலில் மாட்டு வண்டி நூலகம் புறப்பட்டது. அதை உருவாக்கிய கனகசபை பிள்ளை ஒரு பொறியாளர். நம்ம ஆளு! பகலெல்லாம் வயலில் நிற்கிறவர் புத்தகத்தைத் தேடி டவுனுக்கு எப்போ வருவார்? அதனால் புத்தகமே அவரைத் தேடிப் போச்சு.

ரங்கநாதன் அத்தோடு விடவில்லை. அவர் முயற்சியால் 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல் சட்டம். 1952-ல் முதியோர் கல்விக்கான நூல்களைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். எழுத்தாளர், ஓவியர், பதிப்பாளர், ஆசிரியர், நூலகர், அரசு என எல்லோருக்கும் சேர்த்து எழுதியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் நூலகத்தில் இடமுண்டு, அவங்களுக்கு வாசித்துக் காட்டணும் என்பது அவர் கொள்கை. 1972-ல் மறைந்தார்.

எங்க ஊர் கே.ஜி.கண்டிகைக்கு இது ரொம்பப் பொருந்தும். திருத்தணிப் பக்கம் 1960-ல்தான் ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் சேர்ந்தது. தெலுங்கில் படித்த பெரியவர்கள் தமிழ் நல்லாப் பேசுவாங்க. தமிழ் எழுத்து ஓடாது. பூச்சி மருந்தோடு வரும் துண்டுத்தாளை அவர் கையில் கொடுத்துட்டு வந்துட்டா, ஒரு டேங்குக்கு எத்தனை மில்லி என்பது யாருக்குப் போய்ச் சேரும்? அளவு தப்பினால் பயிரும் போச்சு, அடிக்கிறவர் உடம்பும் கெட்டது. விவசாயம் அவருக்குத் தெரியும். எழுத்து மட்டும்தான் புதுசு. ஆகவே குழந்தைப் பாடம் வேண்டாம். படம் பெரிசா இருக்கணும், கூட உட்கார்ந்து ஒருத்தர் வாசிக்கணும், அவர் அதைத் திருப்பிச் சொல்லணும்.

மாணவத் தம்பி, தங்கைகளே! இந்த விடுமுறையில் ஊருக்குப் போனதும் ஒரு பெரியவருக்கு ஒரே ஒரு தாளை அப்படி வாசித்துக் காட்டுங்கள். பழைய மாணவர்களான நாங்களும் எங்கள் ஊர்களில் செய்கிறோம்.