கேஜிஎஃப் வரைபடத்துக்கு அடியில் ஒரு மனுஷன்

கேஜிஎஃப்னு சொன்னதும் உங்களுக்கு ராக்கி பாய்தான் ஞாபகம் வருவார். நிஜமான கோலார் தங்கவயல், ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்த சுரங்க ஊர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடிட்டாங்க. அந்த ஊரின் பழைய டோப்போ ஷீட்டை விரிச்சுப் பாருங்க. அதற்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத முக்கோணங்கள் இருக்கு. தென்னிந்தியாவில் அவற்றைப் போடத் தொடங்கியவர் வில்லியம் லாம்ப்டன்.

யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்கப் போரில் 1781-ல் சிறைப்பட்டார். பிறகு கனடாவில் நிலம் அளந்தார். 1799 ஸ்ரீரங்கப்பட்டணப் போர் முடிந்ததும், இந்தியாவைத் துல்லியமா அளக்கணும்னு ஒரு திட்டம் கொடுத்தார்.

1802-ல் பரங்கிமலைப் பக்கம் வேலை ஆரம்பம். சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு அடிக்கோடு. நூறடி இரும்புச் சங்கிலி வெயிலில் நீளும் என்பதால், பக்கத்திலேயே தெர்மாமீட்டர். அந்தக் கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அங்கிருந்து மங்களூர் வரை பெரும்பாலும் கோணமும் கணக்கும்தான். அவருக்கு உதவியாளரா இருந்த ஜான் வாரன்தான், அதே 1802-ல் மைசூர் எல்லையை அளக்கும்போது கோலார் மண்ணில் ஊர்மக்கள் தங்கம் அரிப்பதை அறிக்கையாக எழுதியவர்.

இப்போ நம்ம புதுக்கோட்டைக்குப் பக்கத்துக்கு வருவோம். 1808, தஞ்சாவூர். நார்த்தாமலை மாதிரி ஏறி நிற்க அங்கே குன்று கிடையாது. அதனால் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பெரிய கோயில் விமானத்தின் மேலே ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணம் காட்டும் வட்டம் நெளிஞ்சு போச்சு.

சர்வே படிச்சவங்களுக்கு இதன் அர்த்தம் புரியும். ஒரு முக்கோணத்தின் பக்கம்தான் அடுத்ததுக்கு அடிக்கோடு. இங்கே சின்னப் பிழை நுழைஞ்சா, கடைசி வரைக்கும் கூடவே வரும். புதுக் கருவி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரணும். லாம்ப்டன் கூடாரத்துக்குள் போய் அடைந்துகொண்டார். பலகையில் சரியான வட்டம் வரைந்து, ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து, நெளிந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து அதற்குப் பொருத்தினார். ஆறு வாரம் ஆச்சு. அதே கருவியோடு மறுபடி வேலைக்குக் கிளம்பினார்.

1823 ஜனவரி 20-ல், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில், வேலை நடுவிலேயே இறந்தார். வேலையைத் தொடர்ந்த எவரெஸ்ட்டின் பேர் சிகரத்துக்குப் போச்சு. லாம்ப்டன் பேரில் எந்தச் சிகரமும் பிரபலமாகலை. ஆனா அடுத்த சர்வே கேம்ப்பில் ரீடிங் ஒத்துப்போகலைன்னா, நோட்டில் எண்ணைத் திருத்தும் முன்னாடி அவரை ஒரு தடவை நினைச்சுக்கோங்க. கோணல் கருவியிலா, கணக்கிலான்னு முதல்ல தேடுங்க.